இடப்பக்கச் செயின்

என் புருஷன் வெல்டர். இரண்டு பழைய சைக்கிள்களை வெட்டி ஒட்டி, இரண்டு பேர் மிதிக்கிற ஒரே சைக்கிளாக்கியவர் அவர்தான். முன் சீட்டு அவருக்கு. ஹேண்டில், பிரேக், பெல் எல்லாம் அங்கேதான். பின் சீட்டில் நான். எனக்குத் தெரிவதெல்லாம் அவருடைய முதுகு. வலப்பக்கச் செயின் என் பெடலிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும். இடப்பக்கச் செயின் அவர் பெடலையும் என் பெடலையும் கட்டிப்போடும். ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சேர்ந்து சுற்றியே ஆக வேண்டும். கல்யாணமும் அப்படித்தான் என்று யாராவது சொல்ல வந்தால் வாயிலேயே போடுவேன்.

கடற்கரையில் கிளம்பி, மலைக்கு அந்தப் பக்கம்வரை போவதாக ஏற்பாடு. முதல் மேட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்: "மிதிக்கிறியா, இல்ல சும்மா உக்காந்திருக்கியா?" அதன்பிறகு ஒவ்வொரு மேட்டிலும் அதே கேள்வி. டீ குடிக்க நின்ற கடையிலெல்லாம், தான் இழுப்பதாகவும் நான் பின்னால் சவாரி வருவதாகவும் ஊர்பேர் தெரியாதவர்களிடம் சொல்லிச் சிரித்தார். நான் பன்றிக்கறிக் கடையில் வெட்டுகிறவள். எலும்பும் சதையும் எனக்குப் பாடம். யார் மிதிக்கிறார்கள் என்பது என் தொடைக்குத் தெரியும். ஆனால் அதை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஒரு வெறி எனக்குள் ஏறிக்கொண்டே இருந்தது.

காட்டு ரோட்டில் ஒரு வளைவில் இடப்பக்கச் செயின் அறுந்தது. அது போனாலும் வண்டி ஓடும்; நான் மட்டும் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். வனத்துறைச் சோதனைச்சாவடி கீழேதான் இருக்கிறது, நானே மிதிக்கிறேன், நீங்கள் ஹேண்டிலைப் பிடித்தால் போதும், அங்கே போய்ச் சரிசெய்யலாம் என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"நான் என்ன மூட்டையா, நீ வச்சு மிதிச்சுட்டுப் போக?"

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, புதருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கண்ணியைக் கழற்றி, ஆணியைக் கல்லால் தட்டித் தட்டி ஏற்றினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோபம் மண்டைக்கு ஏறியிருந்ததால் உதவப் போகவில்லை.

ஆணி உட்கார்ந்த நேரத்தில் காட்டுப்பன்றிக் குட்டிகள் சாலைக்கு வந்தன. முதுகில் கோடு போட்ட பொடிசுகள். ஒன்று தலைகீழாக நின்ற வண்டிக்கு அடியில் புகுந்து பையை முகர்ந்தது. அவருக்குச் செயின் பூட்டிய குஷி. குட்டியைப் பின்காலைப் பிடித்துத் தூக்கி, உன் கடைக்கு ஆகுமா என்பது மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"கீழ விடுங்க" என்றேன்.

அதற்குள் குட்டி வீறிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் கட்டிப்போட்ட தாய்ப்பன்றியே கயிற்றை அறுக்கும். இங்கே கயிறும் இல்லை.

தாய் புதரை உடைத்துக்கொண்டு வந்தது. அவர் குட்டியைப் போட்டார். போட்டு என்ன புண்ணியம்? மோதிய மோதலில் அவர் சைக்கிளோடு சேர்ந்து விழுந்தார். ஆண்பன்றி கிழித்துவிட்டு ஓடும். பெண் அப்படியல்ல, கடிக்கும். இடது தொடையைக் கவ்விக்கொண்டு உதறியது. ஆறடி மனிதரைத் துணிப்பையைப் போல உதறியது. அவர் அலறினார். அந்த அலறலில் வார்த்தையே இல்லை.

காற்றடிக்கும் பம்பை எடுத்து அதன் மண்டையில் அடித்தேன். பம்பு வளைந்தது. மூக்கில் அடித்தேன், கண்ணில் குத்தினேன். விடவில்லை. பையைக் கிழித்து, எங்கே போனாலும் கூடவே வரும் என் கடைக் கத்தியை எடுத்தேன். அதன்மேல் விழுந்து, முன்காலுக்குப் பின்னால், எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கினேன். பிடி வரை போயிற்று. உருவி மறுபடியும் இறக்கினேன். சூடான ரத்தம் என் முழங்கைவரை வழிந்தது. உள்ளே துடிப்பு ஓய்ந்துவிட்டது தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. குத்திக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போது பயமே இல்லை, ஆத்திரம்தான். அதில் கொஞ்சம் அவர்மேல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பன்றி பிடியை விடாமலே செத்தது. டயர் கழற்றும் நெம்பியைப் பல்லுக்கு நடுவில் கொடுத்து, கால் வைத்து மிதித்து, தாடையைப் பிளந்து அவர் தொடையை வெளியே எடுத்தேன். சதை தொங்கியது. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் பீறிட்டு அடித்தால் கதை முடிந்தது. அடிக்கவில்லை; கொட்டியது. அப்படியென்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. மாற்று ட்யூபை எடுத்து காயத்துக்கு மேலே தொடையைச் சுற்றி, ஸ்பேனரைச் செருகி முறுக்கினேன். அவர் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இழுக்கட்டும் என்று விட்டேன்.

அவரை முன் சீட்டில் ஏற்றினேன். பின்னால் உட்கார வைத்தால் ஹேண்டிலும் என் கையில், மிதிப்பதும் என் காலில்தான். ஆனால் அவர் வழியில் மயங்கிச் சரிந்தால் எனக்குத் தெரியாது. முன்னால் இருந்தால் முதுகாவது தெரியும். பின்னால் ஏறி மிதித்தேன். இடப்பக்கச் செயின் சும்மா இருக்குமா? என் காலோடு அவருடைய பிய்ந்த காலையும் தூக்கிச் சுற்றியது. அவர் போட்ட கூச்சலில் புதருக்குள் இருந்த குட்டிகள் சிதறி ஓடின.

வண்டியை மரத்தில் சாய்த்தேன். அவர் ஹேண்டில்மேல் கவிழ்ந்து கிடக்க, அவர் பாடுபட்டுப் பூட்டிய அதே ஆணியை, அவர் கீழே போட்ட அதே கல்லால் அடித்து வெளியே தள்ளினேன். செயின் பாம்பு மாதிரி தரையில் விழுந்தது. அவர் காலை ஃபிரேமோடு சேர்த்துக் கட்டினேன்.

"மூட்டையாவே வாங்க" என்றேன். "ஹேண்டில மட்டும் பிடிங்க. செத்துக்கித்துப் போனீங்க, கொன்னுடுவேன்."

மிதித்தேன். எனக்கு ரோடு தெரியவில்லை; அவர் முதுகு தெரிந்தது. பள்ளம் என்பார், வலது என்பார். அந்தக் குரல் வருகிறவரை உயிர் இருக்கிறது என்று கணக்கு. ஒரு மேட்டில் குரல் நின்றுவிட்டது.

"கேளுங்க" என்று கத்தினேன். "மிதிக்கிறியான்னு கேளுங்க."

ஹேண்டில் மட்டும் வளைவுக்குத் திரும்பியது.

சாவடிக்கு முந்தைய இறக்கத்தில் அவர் கை பிரேக்கைப் பிடிக்கவில்லை. தடுப்புக் கம்பியில் முட்டி, இரண்டு பேரும் தூக்கி எறியப்பட்டோம். என் முன்பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு போயிற்று. காவலர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் ஜீப்பை எடுக்க ஓட, இன்னொருவர் என் புருஷன் தொடையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்தக் காலோட எப்படிப்பா மிதிச்சு வந்த?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"நான் மிதிக்கல. அவதான்."

அந்தக் காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அவர் பிழைத்தார். ஆனால் நான் அழுதது ஆஸ்பத்திரியில் இல்லை. அந்தக் கம்பிக்குக் கீழே, வாயில் ரத்தத்தோடு, அவர் சொன்னதைக் கேட்டு அழுதேன்.