பெருவிரல் குளோசப்

ஆடலூர்ப் பக்கத்து காப்பித் தோட்டத்துப் படத்தை எடிட் செய்துகொண்டிருந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. புதன்கிழமை, காலை பதினொரு மணி.

கொடைக்கானல் ஏழு ரோட்டில் ஒரு சாக்லேட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் மூன்று பேர். முதலாளி ஜெயச்சந்திரன், கேமராமேன் இருளப்பன், மீதி எல்லாம் நான். மைக் மாட்டுவது நான், எடிட்டிங் நான், கேமராவைக் கண்டு மிரளுகிற ஆட்களைப் பேச வைப்பது நான். விஸ்காம் படித்தவள் என்று எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் படிப்பை வைத்து நான் என்ன செய்தேன் என்பதுதான் இங்கே விஷயம்.

தோட்டத்துக்காரர்களுக்கு வெளிநாட்டில் காப்பி விற்க வேண்டும். 'எங்கள் தொழிலாளர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் கேட்டார்கள். அங்கே லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், பதினெட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. எல்லாரும் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள், எங்களைப் போல. அதில் ஒரு வீடு என் அத்தை குஞ்சம்மாளுடையது. "உங்க சொந்தக்காரங்கதானே, நீங்க சொன்னா பேசுவாங்க" என்று ஜெயச்சந்திரன் என்னை முன்னால் தள்ளிவிட்டார். பேசினார்கள். அத்தை சிரித்துக்கொண்டே மிளகுக் கொடியைப் பிடித்து நின்றது. படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

இடையில் செருக நல்ல குளோசப் வேண்டும் என்று மூன்றாவது டேப்பை ஓட்டிப் பார்த்தேன். இருளப்பன் கைகளை எடுத்திருந்தான். காப்பிப் பழம் பறிக்கிற கை, கூடை பின்னுகிற கை, மை தொட்டுக் காகிதத்தில் அழுந்துகிற கை. அது அத்தையின் பெருவிரல். நகத்தில் காப்பிக் கறை. ஷார்ப்பான ஷாட். நிறுத்தினேன்.

விரலுக்கு மேலே இரண்டு வரி தெளிவாகத் தெரிந்தது. இங்கிலீஷ். படித்தேன். இன்னொரு முறை படித்தேன். 'இந்த வீட்டின் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை. நிர்வாகம் கேட்ட முப்பது நாட்களுக்குள் காலி செய்து தருகிறேன்.'

என் கை மவுஸிலேயே இருந்தது. காதில் ஹெட்போன். மறுபடி ஓட்டினேன், அதற்குள் என் குரலே கேட்டது. "இங்கதான் அத்தை, நல்லா அழுத்துங்க."



யாரைப் படம் எடுத்தாலும் அவர்களிடம் ஒரு ஃபார்மில் கையெழுத்து வாங்குவது எங்கள் வழக்கம். 'என் முகத்தையும் குரலையும் இந்தப் படத்தில் போட்டுக்கொள்ளலாம்', அவ்வளவுதான். அந்த ஃபார்மை டைப் அடித்தவள் நான். ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்னால் தோட்டத்து மேனேஜர் குமாரவேல் போன் செய்தார். "அந்த ஃபார்ம அனுப்பிருங்கம்மா, நாங்களே பிரிண்ட் எடுத்து ரெடியா வச்சிருதோம். உங்களுக்கு ஒரு சோலி மிச்சம்." அனுப்பினேன். அன்றைக்குப் போனபோது பதினெட்டு செட் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் இரண்டு தாள், ஸ்டேப்ளர் அடித்தது. மேல் தாள் என்னுடையது. நான் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. தானே அடித்ததை யார் திரும்பப் படிப்பார்கள்? கைநாட்டுக்கான இடம் இரண்டாம் தாளின் அடியில் இருந்தது. மேட்டர் நீண்டு அடுத்த பக்கம் போயிருக்கிறது என்று நினைத்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும், அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. "வெரசா வாங்குங்க சுமலதா, லைட் போகுது" என்று ஜெயச்சந்திரன் கத்திக்கொண்டிருந்தார். நான் வரிசையில் நின்றவர்களின் விரலைப் பிடித்துப் பிடித்து வைத்தேன்.

பிடித்தது குமாரவேல் இல்லை. நான்.

ஜெயச்சந்திரனைக் கூப்பிட்டேன். பக்கத்து அறையில் கல்யாண கேசட்டுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர் வந்து, குனிந்து, மானிட்டரில் மூக்கு படுகிற தூரத்தில் படித்தார். அவர் முகமும் வெளுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

"அய்யோ" என்றார். அப்புறம், "அந்த ஷாட்ட டெலீட் பண்ணிரு."

"சார்?"

"ஃபிலிம்ல அது வேணாம். ஃப்ரைடே டெலிவரி."

"சார், பதினெட்டு வீடு சார். நம்ம பேர்ல ஏமாத்தி வாங்கியிருக்காங்க. டேப்ல நான் பேசுனது இருக்கும். 'இது படம் எடுக்கத்தான், வேற எதுக்கும் இல்ல'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லியிருக்கேன். அந்த முதல் ரெண்டு டேப்ப எடுங்க."

அவர் லேபிளை விரலில் ஒட்டி ஒட்டிப் பிய்த்தார். "ரெண்டும் இல்லம்மா."

"இல்லன்னா?"

"ஏரியில படகுல போன ஹனிமூன் பார்ட்டிய எடுக்க அந்த டேப்பத்தான் போட்டேன். நமக்கு வேண்டிய ஷாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு நீதானே சொன்ன?"

சொன்னேன்தான். வேண்டிய ஷாட்டை மட்டும் ஏற்றிவிட்டு அதே டேப்பின் மேல் அடுத்த படத்தை எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஃபார்ம் வாங்கும்போது நான் பேசுவதை யார் ஏற்றி வைப்பார்கள்? அதில் என்ன அழகு இருக்கிறது? என் குரலின் மேல் இப்போது யாரோ ஒரு சென்னைத் தம்பதி துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இருளப்பன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நான் கையத்தான் பாத்தேன்க்கா" என்றான். "பேப்பர்ல என்ன கெடக்குன்னு பாக்கல. ஃபோகஸ் நல்லா விழுந்துச்சேன்னு இருந்தேன்."

"நீயாவது பாக்கல. நான் படிச்சிட்டு வந்தவ."

அந்த ஷாட்டை ஒரு சி.டி.யில் ஏற்றினேன். ஜெயச்சந்திரன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத வெளிய கொண்டு போனா நம்ம கம்பெனியும் சேந்து மாட்டும். புரியுதா? எஸ்டேட் ஓனருங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. அப்புறம் இந்த மலையில நமக்கு எவனும் வேல குடுக்க மாட்டான்."

"மாட்டட்டும் சார்."

"ஆமா, உனக்கென்ன! கேமரா லோன் என் பேர்லதானே." சி.டி. தட்டு வெளியே வந்தது. அவர் அதைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. "எடுத்துட்டுப் போறதுன்னா திரும்பி வராத" என்றார். கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் படி இறங்கினேன். மூன்று வருட வேலை, இறங்க இருபத்திரண்டு படி.

மறுநாள் வெள்ளனே கிளம்பி, இரண்டு பஸ் மாறி, கடைசி மூன்று கிலோமீட்டர் நடந்து லயத்துக்குப் போனபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். வேலைக்குப் போகவில்லை. பதினெட்டுக் கதவிலும் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நான் வருவதற்குள் நோட்டீஸ் வந்துவிட்டது.

"வா மருமகளே" என்றது அத்தை. "சரியான நேரத்துக்கு வந்த. இது என்னா கடுதாசின்னு பாரு. தொரை ஆளு ஒட்டிட்டு ஒண்ணும் சொல்லாம போய்ட்டான். படம் போட்டுக் காட்டப் போறாங்களோ?"

பக்கத்து வீட்டு பிச்சையம்மாள் சிரித்தது. "ஒன் மூஞ்சியப் பாக்க டிக்கெட் வைப்பாங்கடி."

படித்தேன். தமிழில் சொன்னேன். முப்பது நாள். அப்புறம் அன்றைக்கு வாங்கிய கைநாட்டைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் தாளைப் பற்றிச் சொன்னேன். நான் அதைப் படிக்கவில்லை என்று சொன்னேன். எதையும் சுற்றி வளைக்கவில்லை, அப்படிச் சொல்ல எனக்குத் தெரியாது.



பிச்சையம்மாள்தான் கேட்டது. "அப்ப அன்னிக்கு எங்க வெரலப் புடிச்சு வச்சியே?"

"ஆமா சித்தி."

"என்ன எழுதியிருக்குன்னு ஒனக்கே தெரியாமலா புடிச்ச?"

"ஆமா."

"குமாரவேலு நீட்டியிருந்தா நாங்க வச்சிருக்க மாட்டோம்" என்றது பிச்சையம்மாள். "நீட்டுனது நம்ம புள்ளைன்னு வச்சோம்."

அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. கதவிலிருந்த தாளைத் தடவிக்கொண்டு நின்றது. அந்த வீட்டில்தான் மாமா செத்தது. இருபத்தாறு வருடமாக அத்தை கூரை மாற்றிய, தரை மெழுகிய வீடு. போக வேறு இடம் கிடையாது, எங்கள் வீட்டுக் கூடத்தைத் தவிர. அங்கே ஏற்கெனவே ஐந்து பேர் படுக்கிறோம்.

"திங்கக்கெழம திண்டுக்கல்ல கலெக்டர் மனு வாங்குற நாள்" என்றேன். "மனு எழுதிக் கொண்டுட்டு வந்திருக்கேன். ஏமாத்தி வாங்குனதுக்கு நான்தான் சாட்சி. நானே வந்து சொல்றேன். சி.டி.யும் இருக்கு. பதினெட்டுப் பேரும் இதுல கைநாட்டு வைக்கணும்."

நான்கு பக்கம். முந்தின நாள் ராத்திரி முழுக்க எழுதியது. 'மேற்படி தாளை நான் படித்துப் பார்க்காமலும், படித்துக் காட்டாமலும் இவர்களிடம் கைரேகை பெற்றேன்' என்று எழுதியிருந்தேன். மைப்பெட்டியையும் வாங்கிவந்திருந்தேன். அத்தையிடம் நீட்டினேன். "வாசிச்சுக் காட்டுறேன் அத்தை, அப்புறம் வைங்க."

வாசித்தேன். நான்கு பக்கமும். முடித்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்தேன். அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"கோவிச்சுக்காத புள்ள" என்றது. குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னை அடித்துப் போட்டது. "வேற ஆள் ஒருக்கா வாசிக்கட்டும்."

பிச்சையம்மாள் போய், முக்கில் டீக்கடை வைத்திருக்கிற நல்லசாமியைக் கூட்டிவந்தது. அவர் தினமும் பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறவர். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, மனுவைத் தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக ஆரம்பித்தார். பெண்கள் அவரைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். நான் வட்டத்துக்கு வெளியே நின்றேன். அத்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் பக்கத்தில், 'நான் படித்துப் பார்க்காமலும்' என்ற இடத்துக்கு வந்ததும் நல்லசாமி நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இத எழுதுனது நீதானாம்மா?"

"நான்தான்."

"நிப்பாட்டாதிங்க" என்றது அத்தை. "கடைசி வரைக்கும் வாசிங்க."