உப்புப் படிவு

யூக்கலிப்டஸ் விறகு பனியில் நனைந்துவிட்டால் லேசில் தீப்பிடிக்காது. புகையை மட்டும் தாராளமாகத் தரும். முனியன் பாய்லரின் வாய்க்கு நேரே குனிந்து ஊதுவதும், கண்ணைத் துடைப்பதும், இரும்புக் கம்பியால் கங்கைக் கிளறிவிடுவதுமாக இருந்தான். முன்பக்கம் உடம்பு வெந்தது. முதுகில் கொடைக்கானலின் மார்கழிக் குளிர் ஈரச் சாக்கைப் போல ஒட்டிக் கிடந்தது. அட்டுவம்பட்டியில் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கட்டிய 'சோலைமுகில்' ரிசார்ட்டில் விருந்தாளிகள் கண் விழிக்கும் முன்பே ஒரு வண்டி விறகு உள்ளே போயிருக்க வேண்டும்.

பாய்லரில் கிளம்பும் நீராவி பக்கத்தில் படுத்திருக்கும் நீண்ட இரும்பு உருளைக்குள் போகும். அந்த உருளைக்குள் மெல்லிய குழாய்கள் கட்டாக ஓடும். குழாய்க்குள் தண்ணீர், வெளியே ஆவி. ஆவியின் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் அறைகளுக்குப் போகும். படித்தவர்கள் அதை ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பார்கள். முனியனுக்கு அது குழாய்ப் பெட்டி. சீசன் தொடங்கியதிலிருந்து லாரித் தண்ணீர்தான். அதிலிருந்த உப்பு குழாய்களுக்குள் சுண்ணாம்பாகப் படிந்து இறுகிவிட்டது. எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே போயிற்று. ஒரு நாள் நிறுத்திக் கழற்றிச் சுத்தம் பண்ணலாமா என்று முனியன் கேட்டபோது, சீசனில் எவனாவது கடையைச் சாத்துவானா என்று முதலாளி சண்முகராஜ் சிரித்தார்.

அந்த வாரம் மாநாட்டு அறையில் பொறியாளர்களுக்குப் பயிற்சி. 'வெப்பப் பரிமாற்றிகளின் செயல்திறன் பகுப்பாய்வு' என்று வாசலில் பேனர் தொங்கியது. சர்க்கரை ஆலை, காகித ஆலை, ரசாயன ஆலை என்று கீழே பல ஊர்களிலிருந்து வந்த இளசுகள். முந்தின நாள் பயிற்சியாளர் முருகானந்தம் அவர்களைச் செய்முறைக்காகப் பாய்லர் அறைக்கே கூட்டி வந்திருந்தார். உருளைக்குள் நுழையும் தண்ணீரின் சூட்டையும் வெளியேறும் சூட்டையும் அளந்தார்கள். காகித ஆலையில் ஒப்பந்தப் பொறியாளராக இருக்கும் லாவண்யா பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினாள். கடத்த வேண்டிய சூட்டில் பாதிகூடத் தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. உடனே நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வகுப்பே ஒருமனதாகச் சொல்லிற்று. முருகானந்தம் அதைத் தேநீர் வேளையில் சண்முகராஜிடம் சொன்னார். முனியனிடம் சிரித்த அதே சிரிப்பை அவர் இவரிடமும் சிரித்தார், கொஞ்சம் மரியாதை சேர்த்து.

இன்று விடிந்தும் விடியாமலும் ரிசப்ஷன் போன் அடித்தது. பேசியது லாவண்யாதான்.

"இன்னைக்கும் வெந்நீர் வரலைங்க. நேத்தே சொன்னேன்ல? குளிர்ல எப்படிக் குளிக்கிறது? ஆள விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

அவளுக்குப் பின் அடுத்த அறை. பிறகு அதற்கடுத்த அறை. சண்முகராஜ் குரங்குக் குல்லாவும் சால்வையுமாகப் பாய்லர் அறைக்கு வந்து நின்றார்.

"ஏலே முனியா, என்னலே சோலி பாக்குற? மேல அத்தன பேரும் போன் மேல போன் போடுறாக."

"குழாய் அடச்சுக் கெடக்குங்க மொதலாளி. சூடு உள்ள எறங்க மாட்டேங்குது. நேத்து அந்தப் படிச்ச புள்ளைகளும் அதத்தானேங்க சொல்லுச்சு."

"அதுக பாடம் படிக்க வந்ததுக. நீ ஸ்டீம் வால்வ முழுசாத் தெற. தானா ஏறும்."

"மூடிக்கிட்ட கேஸ்கட்டு கசியுதுங்க. அழுத்தம் தாங்காதுங்க."

"தெறக்குறியா, வேற ஆள வைக்கவா?"

முனியன் வால்வைத் திறந்தான். முதலாளி மேட்டில் ஏறிப் பாதி வழி போவதற்குள் உருளையின் மூடி இடுக்கை அடைத்திருந்த கேஸ்கட் வளையம் பிய்ந்தது. சீறிய ஆவி அறையை வெள்ளையாக அடைத்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரே ஒரு அலறல் வந்தது. விறகு இறக்கிக்கொண்டிருந்த வேலுச்சாமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்து, வால்வை அடைத்து, அவனை இழுத்து வந்தார். முகத்தின் ஒரு பக்கமும் மார்பும் கைகளும் வெந்து தோல் சட்டையோடு வந்துவிட்டது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் முனியனின் தம்பிக்கு இடமிருந்தது. துணி வெளுக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி ஒய்யம்மாளுக்கு இடமில்லை.

மாநாட்டு அறையில் பொங்கல் சாப்பிட்டு முடித்துப் பொறியாளர்கள் உட்கார்ந்தார்கள்.

"சின்ன விபத்து. பாய்லர் ஆள் குடிச்சிட்டு வால்வத் திறந்துட்டானாம்" என்று முருகானந்தம் தொண்டையைச் செருமினார். "நாம பாடத்துக்குப் போகலாம்."

பலகையில் லாவண்யா முந்தின நாள் போட்ட கணக்கு அழியாமல் இருந்தது.

தேநீர் கொண்டுவந்த பாண்டீஸ்வரி தட்டை மேசையில் டங்கென்று வைத்தாள். பேத்துப்பாறையிலிருந்து ஏறி வந்து அறைகளைச் சுத்தம் செய்கிறவள். சட்டென்று யாருக்கும் பணிந்து பேசத் தெரியாதவள். லாவண்யா அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்க் கேட்டாள்.

"அவரு குடிச்சிருந்தாராக்கா?"

"குடியா? வெள்ளனே எந்திரிச்சு, வெறும் வயித்தோட வெறகு தள்ளுன மனுசம்மா. எவளோ ஒருத்தி வெந்நீர் வரலன்னு சத்தம் போட்டாளாம். மொதலாளி வந்து தெறலேன்னு நின்னுருக்காரு. அந்தாளு சொன்னதக் கேட்டதுதான் முனியன் செஞ்ச குத்தம்."

லாவண்யா தம்ளரைச் சன்னல் கட்டையில் வைத்தாள். அவமானமாக இருந்தது. குழாய் அடைத்திருப்பது அந்த ரிசார்ட்டில் மற்ற எவரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் போனை எடுத்தாள்.

பாய்லர் அறை முற்றத்தில் வேலையாட்கள் கூடிவிட்டார்கள். சண்முகராஜ் ஒய்யம்மாளைத்தான் முதலில் பிடித்தார். பாய்லருக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அவளுக்கும் முனியனுக்கும் வீடு. பாச்சலூருக்குக் கீழே காட்டை நம்பிப் பிழைத்த சனம். காட்டுக்குள் கெடுபிடி கூடிய பிறகு கூலிக்கு மலையேறி வந்தவர்கள்.

"சாயங்காலத்துக்குள்ள கொட்டகையக் காலி பண்ணிரு. புது ஆள் வர்றான்."

"எங்கிட்டுங்க போவேன்? அவரு பொழைப்பாரான்னே தெரியலைங்க."

"குடிகாரப் பயல வேலைக்கு வச்சது என் தப்பு. லைசென்ஸ்கூட இல்லாத பய."

பாண்டீஸ்வரி முன்னால் வந்தாள். "லைசென்ஸ் இல்லாத ஆள இம்புட்டு வருசமா ஏன் மொதலாளி வச்சிருந்தீங்க? லைசென்ஸ்காரனுக்குக் கூலி கூடன்னுதானே?"

"நீ யாரு என்னையக் கேக்குறதுக்கு? ரூமக் கூட்டுற சோலியப் பாரு."

"பாக்கல. அவரு குடிக்கல, நீங்கதான் தெறக்கச் சொன்னீங்கன்னு நாளைக்கு விசாரிக்க வர்ற பாய்லர் ஆபீசர்கிட்ட உங்க வாயால சொல்லணும். வைத்தியம் நீங்க பாக்கணும். ஒய்யம்மா இங்கதான் இருக்கும். அதுவரைக்கும் இங்க அடுப்பும் எரியாது, ரூமும் கூட்ட மாட்டோம்."

வேலுச்சாமி விறகுக் கட்டையைக் கீழே போட்டுவிட்டு உருளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சமையல்கட்டிலிருந்து வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். வேலை போய்விட்டால் அடுத்த வேளைக்கு வழியில்லாதவர்கள்தான் எல்லோரும். பயமில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். பயத்தோடுதான் உட்கார்ந்தார்கள்.

சண்முகராஜ் விவரமானவர். மறுநாள் பாய்லர் ஆய்வாளர் வருகிறார். மூடியைத் திறந்தால் அடைத்துப்போன குழாய்கள் அவர் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். நேரே மாநாட்டு அறைக்குப் போனார்.

"நீங்க எல்லாரும் இதுல நிபுணருங்க. இத்தன நாளா பாடம் கேட்டீங்க, இப்ப கையால செய்யலாம். ஆசிட் வரவச்சுட்டேன். குழாயக் கழுவி, புதுக் கேஸ்கட்டு போட்டு ஓட்டிக் குடுங்க. உங்களுக்கும் வெந்நீர் ஆச்சு, எனக்கும் தலவலி போச்சு."

"நல்ல வாய்ப்புதான்" என்றார் முருகானந்தம், யார் முகத்தையும் பார்க்காமல். வருகிற ஆண்டுப் பயிற்சிகளும் இதே ரிசார்ட்டில்தான்.

சர்க்கரை ஆலையிலிருந்து வந்த சிவமுருகன் எழுந்தான். "கழுவிட்டா நாளைக்கு ஆபீசர் எதப் பாப்பார் சார்?"

"அது நம்ம வேலையில்ல. நாம என்ஜினியர்ஸ்."

"நேத்து நாமதானே சார் அளந்தோம்?" என்றாள் லாவண்யா. "உடனே நிறுத்தணும்னு நீங்களும்தானே சொன்னீங்க? இன்னைக்கு அதே குழாய நம்ம கையாலயே கழுவி, அந்த மனுசன் மேல பழியப் போடணுமா?"

முருகானந்தம் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "லாவண்யா, உங்க கான்ட்ராக்ட நீட்டிக்கிறதா வேண்டாமான்னு பயிற்சி முடிஞ்சதும் ஆலையில என்கிட்டத்தான் கேப்பாங்க. யோசிச்சுக்கோங்க."

அவள் யோசித்தாள். திண்டுக்கல்லில் அம்மாவின் மருந்தும் தம்பியின் படிப்பும் அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அதையும் யோசித்துவிட்டுத்தான் படியிறங்கிப் போனாள்.

கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தவளைக் கண்டதும் பாண்டீஸ்வரி உருளைக்குக் குறுக்கே நின்றாள்.

"கழுவ வந்தியாம்மா? எங்களத் தாண்டித்தான் தொடணும்."

"கழுவ வரலக்கா." லாவண்யா ஒய்யம்மாளின் பக்கம் திரும்பினாள். "காலைல போன் போட்டது நான்தான்."

ஒய்யம்மாள் முழங்காலில் புதைத்திருந்த முகத்தை நிமிர்த்தி அவளை நெடுநேரம் பார்த்தாள்.

"குளிருக்கு வெந்நீர் கேட்டது தப்பில்லம்மா" என்றாள். "கழுவ விடாமப் போட்டு வச்சாருல்ல, அவருதான் எம் புருசன வேக வச்சது. நீங்க அளந்து பாத்தீங்கள்ல? குழாய் எப்படி இருந்துச்சுன்னு அந்த ஆபீசர்கிட்ட வாயத் தொறந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"நீங்க ஒருத்தர் சொன்னா எடுபடுமா?"

"ஒருத்தர் இல்ல" என்று பின்னாலிருந்து சிவமுருகனின் குரல் வந்தது. அவனோடு இன்னும் சிலர் படியில் நின்றார்கள். எல்லோரும் வரவில்லை. சிலர் அறையிலேயே உட்கார்ந்து பாடக்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டொருவர் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியேறிவிட்டார்கள். ஆனால் ஆசிட் கேனை யாரும் தொடவில்லை.

சண்முகராஜ் மேட்டில் நின்று பார்த்தார். அவருக்கு அப்போதும் சிரிப்பு வந்தது.

"நாளைக்குக் காலைல பாருங்கடா. பல்லு கிடுகிடுன்னு அடிக்கும்போது உங்க நியாயமெல்லாம் எங்க போகுதுன்னு. இவுகளே வெந்நீர் கேட்டு போன் போடுவாக. இவுகளே எறங்கி வந்து கழுவிக் குடுப்பாக."

மறுநாள் பாய்லர் மூட்டாமலே விடிந்தது. புகை இல்லை. பனி மட்டும் முற்றம் வரை இறங்கி நின்றது. இரவெல்லாம் உருளையைச் சுற்றி முறை வைத்துக் காத்தவர்கள் சாக்கைப் போர்த்தி ஒடுங்கியிருந்தார்கள். முனியன் இன்னும் கண் திறக்கவில்லை என்று மதுரையிலிருந்து தம்பி சொன்னான். மூட்டத்தில் வண்டிகள் மெதுவாகத்தான் ஏறுகின்றன, ஆய்வாளர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது என்றார் பால்காரர். வந்தாலும் யார் பேச்சைக் கேட்பார் என்பதும் தெரியாது.

ரிசப்ஷனில் ஆளில்லை. அங்கே போன் எடுக்கும் பெண்ணும் பாய்லர் அறையில்தான் இருந்தாள். சண்முகராஜே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. எதிர்பார்த்தது வந்துவிட்ட நிம்மதியோடு எடுத்தார்.

"சொல்லுங்க, வெந்நீர்தானே?"

"ஆமா. லாவண்யா பேசுறேன். எங்க ரூமுக்கு இன்னைக்கு வெந்நீர் வேண்டாம்."

வைத்த கையோடு மறுபடி அடித்தது. "சிவமுருகன் பேசுறேன் சார். எங்களுக்கும் வேண்டாம்." அடுத்தது நேற்றுப் பாடக்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்த அறைகளில் ஒன்று. அதுவும் வேண்டாம் என்றது. சண்முகராஜ் பிறகு எடுக்கவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் முற்றத்துக்குக் கேட்டது. மேல்மாடிக் குளியலறைகளில் பச்சைத் தண்ணீர் வாளி வாளியாக விழுவதும், குளிர் தாங்காமல் யாரோ ஆவென்று கத்துவதும் கேட்டது.

"எதுக்குக்கா போன் இப்படி அடிக்குது? வெந்நீர் கேட்டா?" என்றாள் ஒய்யம்மாள்.

மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்த பாண்டீஸ்வரி அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, தன் சாக்கில் பாதியை அவள் தோளில் இழுத்துவிட்டாள்.

"வேண்டாம்னு சொல்றதுக்குத்தான். ஒவ்வொருத்தரா."

ஒய்யம்மாள் சில்லிட்டுப் போயிருந்த உருளையில் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்து, மலைப்பாதையைப் பார்த்தாள்.