சத்தியம் செய்யாதவள்

நீதிபதி கிராப்ட்ரிக்கு டாம்சின் மேல் இரண்டு கோபம். ஊரே "பிரபுவே" என்று குழைகிற தன்னை இந்தப் பால்காரி "நீ" என்கிறாள்; அவளுடைய குவேக்கர் சபையில் எல்லோருமே "நீ"தான். போதாக்குறைக்கு, ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்யவும் மாட்டேன் என்கிறாள்.

"ராஜாவுக்கு நான் ஒரு கெடுதலும் நெனைக்கல. அதான் சொல்லிட்டேன்ல? சத்தியம் பண்ணாதேன்னு உன் கையில இருக்கிற புஸ்தகத்துலயே இருக்கு, படிச்சுப் பாரு."

"குவேக்கர் கழுதையே! சத்தியம் பண்ணாதவ பேச்சை எவன் நம்புவான்? பண்ற வரைக்கும் உள்ளயே கெட!"

சிறைக்குப் பன்னிரண்டு மைல். வட இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லாந்து மழை வேறு. கான்ஸ்டபிள் ஸ்னெல் வானத்தைப் பார்த்தான். மதுக்கடையில் எரிகிற கணப்பைப் பார்த்தான். நீதிபதி எழுதிய சிறை உத்தரவை டாம்சின் கையிலேயே திணித்தான்.

"உங்க ஆளுங்கதான் பொய் சொல்லமாட்டீங்களே. தனியாப் போயிருவேன்னு ஒரு வார்த்தை சொல்லு தாயி, அது போதும்."

"போயிருவேன்," என்றாள்.

வழியில்தான் வீடு. டாம்சினின் தவழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா மறித்தாள். "பைத்தியமாடி உனக்கு? காவலே இல்லாம ஜெயிலுக்கு நடந்து போறவ நீ ஒருத்திதான்! மலையைத் தாண்டி ஓடுடி!"

டாம்சினுக்கு ஓடத்தான் ஆசை. பொய் சொல்லாதவர்களுக்குச் சத்தியம் எதற்கு என்று கேட்கிற கூட்டம் அவளுடையது. வாக்குத் தவறிவிட்டு அதை எந்த வாயால் கேட்பது? பிள்ளையை முத்தமிட்டு, அழுதுகொண்டே நடந்தாள்.

சிறைக் கதவைத் திறந்த காவலன், பக்கில் என்பவன், உத்தரவைப் பார்த்தான். அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"யாரு கூட்டியாந்தது?"

"நானேதான் வந்தேன்."

"நீதான் டாம்சின்னு நான் எப்படி நம்பறது? சத்தியம் பண்ணு."

"பண்ணமாட்டேன்."

"அப்ப உள்ள விடமுடியாது. கண்டவங்க வந்து படுக்க இது என்ன சத்திரமா?"

கதவு சாத்திக்கொண்டது. பிள்ளை நினைப்பில், வந்த வழியே கொஞ்ச தூரம் போயேவிட்டாள் டாம்சின். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்து, நனைந்த படியில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக அவ்வப்போது பார்த்து, அவள் இன்னும் போகவில்லையே என்று அலுத்துக்கொண்டான் பக்கில்.

மறுநாள் மழை விட்ட பிறகு ஸ்னெல் குதிரையில் வந்து சேர்ந்தான்.

"இவளை நீதான் கூட்டியாந்தியா?" என்று கேட்டான் பக்கில்.

ஸ்னெல் கொஞ்சமும் கூசாமல், பக்கில் நீட்டிய பைபிளின் மேல் கையை வைத்தான். "கடவுள் சத்தியமா, கையைப் பிடிச்சு நானேதான் கூட்டியாந்தேன்."

பக்கில் நிம்மதியாகச் சாவியை எடுத்தான். "பார்த்துக்கடி, நம்பிக்கையான மனுஷன்னா இப்படி இருக்கணும்," என்று சொல்லி, டாம்சினை உள்ளே தள்ளினான்.