இல்லாத தம்பிக்குக் காய்ச்சல்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொன்ன புண்ணியவானுக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூட வயிறு கெட்டிருக்காது. கெட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். குரல்காரருக்குப் பல மாதங்களாக வயிறுதான் பிரதானம். தலை, கை, கால் எல்லாம் அதற்கு எடுபிடிகள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் வேலை செய்யும் இடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் ஒலிப்பதிவுக் கூடம் அது. கண் தெரியாதவர்களும் கேட்பார்கள், கண் நன்றாகத் தெரிந்தும் படிக்கச் சோம்பல்படுகிறவர்களும் கேட்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாசிப்பவர் குரல்காரர். அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவு செய்பவர் காதுக்காரர். முதலாளி விளையாட்டாக வைத்த பெயர்கள், ஒட்டிக்கொண்டன. இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். எத்தனையோ வருடமாக முகத்துக்கு முகம் பார்த்து வேலை செய்கிறவர்கள், ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நடுவில் இரட்டைக் கண்ணாடி. பேச வேண்டுமென்றால் பொத்தானை அமுக்க வேண்டும்.

வயிறு முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. சாப்பிட்டதும் கொஞ்சம் உப்புசம், கொஞ்சம் எரிச்சல். பொறாமைப்பட்டால் வயிறெரியும் என்பார்கள், இவருக்குப் பொறாமைப்படக்கூட ஆள் கிடையாது. பிறகு எதைத் தின்றாலும் கல்லைத் தின்றதுபோல் கனத்தது. காலையில் கழிப்பறைக்குப் போனால் போன சுவட்டோடு திரும்பவும் போகச் சொன்னது. அவர் இருந்தது மாடியில் ஒற்றை அறை. குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் உட்காருவார். இப்போது அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டாலே வயிறு கலக்கியது.

வைத்தியம் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? வாடகைக்கு விட்டவர் பாலை நிறுத்தச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் பாலைத்தான் குடிக்கச் சொன்னார். இவர் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு, கடைசியில் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் என்று ஆனார். வாயைக் கட்டியும் வயிறு கட்டுப்படவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. பார்த்தவர்கள், “இளைச்சுட்டீங்களே, என்ன ரகசியம்?” என்று பாராட்டினார்கள். பாராட்டைக் கேட்டதும் இவருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஏனென்றால் அவருடைய அப்பாவும் இப்படித்தான் இளைத்தார். “ஒண்ணுமில்லடா, காத்து” என்று ஒரு வருடம் சொன்னார். காற்றுக்கு ஏற்ற கஷாயம் எல்லாம் குடித்தார். கடைசியில் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனபோது வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எதுவும் செய்யாமல் மூடிவிட்டார்கள். மூடிவிட்டார்கள் என்ற அந்த ஒரு சொல் குரல்காரரின் மனதை விட்டுப் போகவே இல்லை. இவர் பதிவு செய்யும் புத்தகங்களில் அந்தச் சொல் வந்தால்கூட நாக்கு ஒரு கணம் நின்றுதான் போகும்.

ஆக, பயம் ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்கு வந்ததுதான் எனக்குமா?

துணிந்து மருத்துவமனைக்குப் போனார். டாக்டரம்மா சின்னப் பெண், ஆனால் கறார். “பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா அப்பாவுக்கு இருந்திருக்கு, உங்க எடையும் குறைஞ்சிருக்கு. வாய் வழியாவும் கீழ் வழியாவும் குழாய் விட்டுப் பாத்துடணும், தள்ளிப் போடாதீங்க” என்றார். தேதி கொடுத்த நர்ஸ், “மயக்க மருந்து குடுப்போம். கூட ஒருத்தர் வரணும், கையெழுத்துப் போட்டு உங்களக் கூட்டிட்டுப் போகணும். ஆள் இல்லாம வந்தா செய்ய மாட்டோம்” என்றார்.

குழாயைக் கூட விழுங்கிவிடலாம், அந்த ஒருத்தருக்கு எங்கே போவது? கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் தள்ளிப் போவதும் நின்றுவிட்டது. வெளியூரில் அக்கா இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து “சாப்டியாடா?” என்பாள். “ஆச்சுக்கா” என்பார். அப்பாவைப் படுக்கையிலிருந்து தூக்கியும் படுக்க வைத்தும் இடுப்பொடிந்தவள் அவள். “இனிமே ஒரு ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டேன்டா” என்று காரியம் முடிந்த அன்று சொன்னாள். அவளிடம் போய், வா என்று எப்படிச் சொல்வது?

அதனால் இவர் ஒரு தம்பியை உண்டாக்கினார். முதல் தேதி நெருங்கியதும் நர்ஸுக்குப் போன் போட்டு, “கூட வர்ற தம்பிக்குக் காய்ச்சல் சிஸ்டர், தேதிய மாத்திக் குடுங்க” என்றார். அடுத்த தேதிக்கும் தம்பிக்கே காய்ச்சல். பாவம், பிறக்காத பிள்ளை, எத்தனை காய்ச்சலைத்தான் தாங்குவான்!

கேட்கக்கூடிய ஆள் என்று யோசித்துப் பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார். ஆனால் அவர்மேல் குரல்காரருக்கு ஒரு மனத்தாங்கல்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். வாசித்து முடித்ததும், பேச்சில்லாத அறையைக் கொஞ்ச நேரம் அப்படியே பதிவு செய்வார்கள். வெறும் அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. வாசிப்பின் நடுவே இருமலோ தும்மலோ வந்தால் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தச் சத்தத்தை ஒட்டுவார்கள். ஒட்டாமல் விட்டால் கேட்கிறவர் காதில் பள்ளம் விழும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சும்மா’. “சார், சும்மா எடுத்துடலாமா?” என்று காதுக்காரர் கேட்பார். குரல்காரர் மூச்சைக்கூட மெல்ல விட்டபடி அசையாமல் இருப்பார். சும்மா இருப்பதே சுகம் என்பார்கள், வயிறு கேட்டால்தானே? மைக்குக்கு ஈ பறந்தாலும் கேட்கும். அந்த அமைதியில் இவர் வயிறு கடமுடா என்று பேச ஆரம்பித்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். அப்போதும் பேசியது. ஒருநாள் காதுக்காரர் ‘சும்மா’ கேட்பதை நிறுத்திவிட்டார். “நீங்க கெளம்புங்க சார், நான் பாத்துக்கறேன்” என்றார். அருவருப்பு, வேறென்ன என்று குரல்காரர் நினைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போய், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல அழுதார்.

மூன்றாவது தேதி வந்தது. மறுநாள் காலையில் போக வேண்டும். அன்றைக்கு வாசித்தது ஒரு தடித்த சமையல் புத்தகம். ரொட்டி தின்கிறவன் தலையில்தான் அது வந்து விழும். ‘வெண்ணெய் உருகியதும் பொன்னிறமாக வதக்கவும்’ என்று இவர் கனிவோடு வாசிக்க, வயிறு தன் பங்குக்கு உறுமியது. வாசித்து முடித்துப் படியிறங்கியவருக்கு மூக்குக்கண்ணாடியை உள்ளேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தார். காதுக்காரர் நாற்காலி காலி, டீ குடிக்கப் போயிருந்தார். அறை விளக்கு அணைந்திருந்தது.

குரல்காரர் மைக் முன்னால் உட்கார்ந்தார். அந்த அறையை விட்டால் வாய்விட்டுப் பேச அவருக்கு வேறு இடமில்லை. எதையும் ஒத்திகை பார்த்துவிட்டுச் சொல்வது அவர் தொழில். காதுக்காரரிடம் கேட்பதையும் ஒத்திகை பார்த்துவிடலாமே?

“சார், நாளைக்குக் காலைல உங்களுக்கு வேலை இருக்கா?” செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. கொஞ்சம் சிரிப்புச் சேர்த்தார். “சார், ஒரு சின்ன உதவி!” அவருக்கே கோபம் வந்தது. “மயங்கிக் கெடக்கறவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது சின்ன உதவியாடா?” வயிறு கடமுடா என்றது. “நீ சும்மா இரு. எல்லாம் உன்னாலதான்” என்று அதையும் திட்டினார். பிறகு குரல் இறங்கியது. வாசிக்கும் குரல் இல்லை அது, சொந்தக் குரல். “சார், எனக்கு யாரும் இல்ல சார். இல்லாத தம்பிக்கு எத்தன தடவைதான் காய்ச்சல் வர வெக்கறது? எங்கப்பாவத் தொறந்து பாத்துட்டு மூடிட்டாங்க. எனக்கு பயமா இருக்கு சார். கூட வர்றீங்களா?”

மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் காதுக்காரர் எதிரே வந்தார்.

“என்ன சார், இன்னும் கெளம்பலயா? நாளைக்கு லீவுன்னீங்களே, ஏதாவது விசேஷமா?”

“இல்ல சார், சும்மா ஒரு வேலை” என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனார்.

மறுநாள் மருத்துவமனையில் எல்லோருக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். ஒருத்தி புருஷனின் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். ஒரு மகன் அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினான். குரல்காரர் தன் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்து இடம் பிடித்திருந்தார். நர்ஸ் கேட்டபோது, “தம்பி கீழ வண்டிய நிறுத்திட்டு வர்றான்” என்றார். முந்தின இரவு முழுக்கப் பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவியிருந்தார், உட்காரவே தெம்பில்லை. வந்தவர்களெல்லாம் உள்ளே போய்த் திரும்பினார்கள். பை மட்டும் பக்கத்தில் இருந்தது.

நர்ஸ் வந்து அந்தப் பையைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். “இன்னுமா நிறுத்தறாரு?” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், அந்தம்மா திட்டவில்லை. “பக்கத்து வீட்டுக்காரர்னாலும் போதும் சார். யாராவது ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க” என்றார் மெதுவாக. அந்த மெதுவைத்தான் தாங்க முடியவில்லை.

அறைக்குப் போகப் பிடிக்காமல் கால் போன போக்கில் நடந்தார். கால் போய் நின்ற இடம் ஒலிப்பதிவுக் கூடம். வேறு எந்த வழி அதற்குத் தெரியும்?

காதுக்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், காதில் ஹெட்போன். திரையில் நேற்றைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது. குரல்காரருக்கு அந்தக் கோடுகள் அத்துப்படி. பேச்சு வந்தால் மலை, அமைதி வந்தால் சமவெளி. ‘சும்மா’ என்று பெயரிட்ட இடத்தில் சமவெளி இருக்க வேண்டும். அங்கே மலை மலையாக எழுந்திருந்தது. காதுக்காரர் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அவர் ‘சும்மா’ எடுப்பதை நிறுத்தவில்லை, இவர் போன பிறகு எடுத்திருக்கிறார். இவ்வளவு வருடம் மைக்கோடு பிழைத்தவர், மைக் தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்காமல் மனசைக் கொட்டியிருக்கிறார்.

அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று கதவைத் தொட்டார். கதவு கிரீச்சிட்டது. காதுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். அவர் கண் சிவந்திருந்தது.

“அத அழிச்சுடுங்க சார்” என்றார் குரல்காரர். “தெரியாமப் பேசிட்டேன்.”

“போனீங்களா இன்னைக்கு?”

“போனேன். ஆள் இல்லன்னு அனுப்பிட்டாங்க.”

எப்போதும் பேசாத காதுக்காரர் பேசினார். “எத்தனையோ மாசமா உங்க வயித்துச் சத்தத்த நான்தான் வெட்டி வெட்டி எடுத்துட்டு இருக்கேன். நாளுக்கு நாள் ஜாஸ்தியாகுதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு கையாலயும் வயித்த அமுக்கிட்டு உக்காந்திருப்பீங்க, பாக்க முடியல. அதான் உங்களப் போகச் சொல்லிட்டு அப்பறமா எடுத்தேன். ஒரு வார்த்த என்னன்னு விசாரிச்சிருக்கணும். சங்கடப்படுவீங்களோன்னு விட்டுட்டேன். நீங்க என்னடான்னா, நான் இல்லாத நேரமாப் பாத்து மைக்குகிட்ட கேட்டுட்டுப் போயிருக்கீங்க.”

காதுக்காரர் தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் குரல்காரர் உட்கார்ந்தது அன்றுதான்.

“ஆஸ்பத்திரிக்குப் போனப் போடுங்க” என்றார் காதுக்காரர்.

வயிற்றுக்குள் என்ன இருக்கிறதோ, அது யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு இருந்ததேகூட இருக்கலாம். பயம் ஒரு துளியும் குறையவில்லை. தப்பு எண்ணை அழுத்தி, மறுபடியும் அழுத்தினார். நர்ஸ்தான் எடுத்தார். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“சொல்லுங்க சார்” என்றவர், கொஞ்சம் தயங்கி, “தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார். அதில் கேலியும் இருந்தது, கேலியைவிட அதிகமாக இரக்கமும் இருந்தது.

கேள்வி போனைத் தாண்டியும் கேட்டது. குரல்காரர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற காதுக்காரர் குனிந்து, தோளில் கையை வைத்தார்.

“காய்ச்சல் விட்டுருச்சுன்னு சொல்லுங்கண்ணே.”

குரல்காரர் போனை வாயருகே கொண்டுவந்தார்.

“விட்டுருச்சு சிஸ்டர். இதோ, பக்கத்துலதான் நிக்கறான்.”