அத்தை மகனைக் கட்டியவள்

எழுபத்தெட்டாம் வருசம் இலங்கை மலைநாட்டில், ரத்தோட்டையில் ஒரு ஜெர்மன்காரி வீடெடுத்துத் தங்கியிருந்தாள். அவளுக்கு நான்தான் சமையல். என் அப்பா துரை பங்களாவில் சமைத்தவர். அவரிடம் காதால் கேட்டுப் படித்த இங்கிலீசு எனக்குப் பேசப் போதும், வாசிக்கத்தான் வராது.

எழுநூறு வருசத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு சீமாட்டியைப் பற்றி அவள் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். பெயர் மெக்டில்டா. நான் தேங்காய் துருவும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வாள். மெக்டில்டாவைப் பதினாலு வயதில் ஒரு பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார்களாம். ஏழு வருசமாகப் பிள்ளை இல்லை. பிரபு பிஷப்பிடம் போய் நின்றான். பிஷப் பாட்டன் பூட்டன் வரை விரல்விட்டு எண்ணி, இரண்டு பேரும் சொந்தம், அதனால் நடந்தது கல்யாணமே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "சொந்தத்துல கட்டுறதுதானே மிஸ்ஸி முறை? நானே என் அத்தை மகனத்தான் கட்டியிருக்கேன்" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சொந்த அத்தை மகனையா?"

"பின்ன? வழியில போறவனையா கட்டுவாங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டிக்கொள்ளச் சொந்தத்தைக் காட்டுவார்கள், அறுத்துவிடவுமா அதைக் காட்டுவார்கள்? "அப்புறம் அவ என்ன ஆனா?" என்று கேட்டேன். கோட்டைச் சேவகன் ஒருவனைக் கட்டி ஆறு பிள்ளை பெற்றாளாம். அந்த ஆறு என் மனதை விட்டுப் போகவே இல்லை. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருசம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

அப்போது இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி தேயிலைத் தோட்டத்து லயத்து வீடெல்லாம் காலியாகி இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் எழுதிப் போட்டிருந்தார்கள். "என் பேரு இருக்குங்களா?" என்று கேட்டால் வீட்டுக்காரர் எரிந்து விழுவார். பெண்சாதியை விட்டுவிட்டுக் கப்பலேறிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் அவர் பெட்டியிலிருந்து இங்கிலீசில் எழுதிய அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் மிஸ்ஸியிடம் நீட்டினேன்.

"குடும்பத் தலைவர், லெட்சுமணன்."

"அதுதான் என் வீட்டுக்காரர்."

"தாய், நல்லம்மா."

"அது என் அத்தை."

"சுந்தரம்மா. உன் பெயர் இருக்கிறது" என்று சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "தங்கை என்று போட்டிருக்கிறது. உன் பெயரில் அவருக்கு ஒரு தங்கையும் உண்டா?"

"இல்ல மிஸ்ஸி. அவரு ஒத்தப் பிள்ளை."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. தாளை அதன் மடியில் போட்டேன்.

அத்தை அதைப் பார்க்கவே இல்லை. "ஒன்னய விட்டுட்டுப் போறேன்னுதான் நின்னான். அங்க இந்தியாவுல சொந்தக்காரங்க அவனுக்கு வேற பொண்ணு பேசிட்டாங்க. ஒங்க கல்யாணத்தப் பதியவும் இல்ல. எங்கண்ணன் பெத்த பிள்ளைய இங்க அனாதையா விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? அதான் என் மகள்னு எழுதுன்னேன்."

கும்பிடுவதா, காறித் துப்புவதா? எனக்குத் தெரியவில்லை. என்னைக் காப்பாற்றியிருக்கிறது. என் வாழ்க்கையை அறுத்ததும் அதேதான்.

"அப்ப ஒங்கள நான் என்னன்னு கூப்புடுறது?"

"கப்பலேறி எறங்குற வரைக்கும் அம்மான்னு சொல்லு."

"அவர?"

அத்தை மறுபடி கல் பொறுக்கத் தொடங்கியது.

பகல் சாப்பாட்டுக்கு அவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். கால் கழுவிவிட்டு எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அடிப்பார், அத்தையைத் திட்டுவார், குறைந்தது தலையாவது குனிவார் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"அண்ணே, சோறு போடவா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"போடு தங்கச்சி" என்றார்.