இரண்டாம் வயிறு

நஸீறாவின் விரலில் ஏதோ குத்தியது. காத்தான்குடி வாவிக்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று மாட்டு வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். நடுவிரல் நுனியில் இரத்தம் பொட்டாகத் திரண்டிருந்தது. மற்றக் கையை உள்ளே விட்டுத் தடவி, குத்தியதை மெல்லப் பிடித்து இழுத்தாள். அரைவிரல் நீளக் கம்பித்துண்டு. இரண்டு முனையும் சரிவாக வெட்டுப்பட்டுக் கூராக இருந்தன. அந்த மாதத்தில் இது மூன்றாவது.

புருஷன் உசனார் மாடு வாங்கி அறுப்பவன். பன்னிரண்டு வருடமாக வயிறும் குடலும் கழுவுவது அவள் வேலை. மாட்டுக்கு வயிறு நாலு என்பது அவள் கைகளுக்குத் தெரியும். முதலாவது ஒரு மூடை அளவு பெரியது, உட்புறம் முரட்டுத் துவாய்த் துணி போலச் சொரசொரக்கும். அதன் முன்னால் ஒட்டியிருக்கும் இரண்டாவது சின்னது, உள்ளே தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக இருக்கும். மூன்றாவது ஏடு ஏடாக மடிந்தது. நாலாவது வழுவழுப்பானது. மாடு முதலில் புல்லை மெல்லாமல் அள்ளி விழுங்கும், பிறகு ஆறுதலாகப் படுத்துக்கொண்டு அசைபோடும். அப்படி விழுங்கும்போது கல்லோ ஆணியோ கூடவே போனால், பாரமானதெல்லாம் அந்தத் தேன்கூட்டில்தான் தங்கும். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு ஆணி அகப்பட்டாலே அதிசயம்.

அவள் கரையேறுவதற்குள் ஹலீம் ஓடிவந்தான். உசனாரோடு மாடு பார்க்கப் போகிறவன்.

"மச்சி, உசனார் காக்காவப் புடிச்சிக் கட்டிப்போட்டாங்க. மாட்டுக்கு நஞ்சு வச்சாராம். நஞ்சு வச்சிச் சாகப்போற மாட்ட மலிவாக் கேட்டு வாங்குறாராம்."

"ஆரு சொன்ன?"

"ஊரே சொல்லுது. விதானைட வளவுல வச்சிரிக்காங்க."

நஸீறா கம்பித்துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்குப் போய் முன்பு எடுத்துவைத்திருந்த இரண்டையும் அதோடு சேர்த்து முடிந்தாள். கறிக்கத்தியை எடுத்து ஓலைப் பையில் போட்டுக்கொண்டு ஹலீமின் வண்டியில் ஏறினாள். வழி முழுக்க முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தாள். கம்பி கிடந்த மூன்று மாடும் அந்த விதானையின் ஊரில் வாங்கியவை. முதல் இரண்டின் இறைச்சியை அவள் வீட்டிலும்தான் சமைத்தார்கள்.

குருக்கள்மடத்தைத் தாண்டி வாவியோரமாக இருந்த சின்ன ஊர் அது. சண்டை தொடங்கி நாலாம் வருடம். ஊரின் மேய்ச்சல் தரையில் பாதியைப் படைக்காரரின் முகாமுக்கென்று எடுத்து முள்ளுக்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலி வேலையைக் கொந்தராத்தாக, கூலி பேசி எடுத்தவர் இராசதுரை; ஊர்த் தலைமைக்காரரான விதானை வினாயகமூர்த்தியின் தங்கை புருஷன்.

விதானையின் வளவில் ஐம்பது பேர் நின்றார்கள். உசனார் வேப்பமரத்தோடு கட்டப்பட்டிருந்தான். கீழுதடு வீங்கியிருந்தது. அவளைக் கண்டதும் வெட்கப்பட்டவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். சற்றுத் தள்ளி ஒரு சிவலைப் பசு நின்றது. முன்னங்கால்களை அகட்டி முழங்கையை வெளியே தள்ளி, முதுகை வளைத்து, மூச்சுக்கு மூச்சு முனகியது. கழுத்தின் கீழே தண்ணீர் கோத்துத் தொங்கியது. அதன் நெற்றியில் கைவைத்தபடி நின்றவள் சின்னத்தங்கம். மூன்று மாட்டின் பாலை வைத்து நாலு பிள்ளைகளை வளர்க்கிறவள். உசனாரை முதலில் கைகாட்டியவளும் அவள்தான்.

"இவன் வந்து பாத்திட்டுப் போன மறுநாள் மாடு தீன் எடுக்கல்ல. அசைபோடல்ல. பள்ளத்துல இறங்கச் சொன்னா நிண்டு நடுங்குது. வேற என்ன?" என்று சின்னத்தங்கம் கத்தினாள்.

நஸீறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவே போய் நின்றாள். முடிச்சை அவிழ்த்து மூன்று கம்பித்துண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இந்த ஊருல வாங்கின மூணு மாட்டுர வயித்துலயும் இதுதான் கிடந்த. நஞ்சு வச்ச மாட்ட என்ட புள்ளையளுக்கு ஆக்கிக் குடுப்பனா நான்? சொல்லுங்க விதானையார், குடுப்பனா?"

வினாயகமூர்த்தி கம்பியைப் பார்த்தார். ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பொம்புளையள் வந்து கதைக்கிற இடமில்ல இது. கம்பி எங்கயும் கிடக்கும். வழியில பொறுக்கிக்கொண்டு வந்திருப்பாய்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். நஸீறாவுக்குக் காது சூடானது. வாவித் தண்ணீரிலும் சாணத்திலும் ஊறி வெடித்த தன் விரல்களைப் பார்த்தாள். இத்தனை வருடம் இந்த விரல்கள் அறிந்ததை ஒரு துப்பலில் இந்த மனிதன் இல்லை என்கிறான்.

அப்போது பசு முன்னங்கால் மடிந்து விழுந்தது. சின்னத்தங்கம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்ட செல்லம், எழும்பு புள்ள, எழும்பு" என்று கெஞ்சினாள். பசு இரண்டு தரம் கால் உதைத்தது. அடங்கிப்போனது.

கூட்டம் உசனார் பக்கம் நகர்ந்தது. ஒருவன் கையில் தடி இருந்தது. நஸீறா குறுக்கே பாய்ந்து நின்று, "பிளந்து பாருங்க!" என்று அலறினாள். "நான் பிளக்கிறன். கம்பி இல்லாட்டி என்னையும் இந்த மரத்துல கட்டுங்க."

"எங்கட பசுவுல நீ கத்தி வைக்கிறயா?" என்று தடிக்காரன் பாய்ந்தான். ஏச்சும் இரைச்சலுமாக வளவு அதிர்ந்தது. சின்னத்தங்கம் தலை நிமிர்த்தினாள். கண்ணீரும் மண்ணும் அப்பிய முகம். பத்து வருடமாக விடியற்காலையில் தடவிக்கொடுத்த உடம்பு அது. அதை அறுக்க விட அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் வீட்டில் இன்னும் இரண்டு மாடு நின்றது. இன்று காலை அதிலொன்றும் வைக்கோலை முகர்ந்துவிட்டு விலகியிருந்தது.

"மாடு என்ட மாடு" என்றாள். "அவள் பிளக்கட்டும். எனக்குத் தெரியணும்."

நஸீறா பிஸ்மில்லாச் சொல்லவில்லை. இது இறைச்சிக்கான அறுப்பு அல்ல. இடப்பக்க விலாவின் பின்னால் கத்தியை இறக்கினாள். சீழின் நாற்றம் எழுந்தது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். சின்னத்தங்கம் அசையவில்லை. நஸீறா பெரிய வயிற்றை ஒதுக்கி, முழங்கைக்கு மேலே கையை முன்னோக்கி விட்டாள்.

"இஞ்ச கையத் தா" என்றாள்.

சின்னத்தங்கம் தயங்கிவிட்டுக் கையைக் கொடுத்தாள். நஸீறா அதை உள்ளே கொண்டுபோனாள். "இது ரெண்டாம் வயிறு. இந்தப் பக்கம் நெஞ்சாங்குலை. நடுவுல ஒரு சவ்வு மட்டுந்தான். தடவிப் பாரு."

சின்னத்தங்கத்தின் விரலில் கம்பி தட்டுப்பட்டது. வயிற்றைத் துளைத்து, சவ்வைத் துளைத்து, இருதயத்தை மூடிய பைக்குள் ஏறி நின்றது. அவள் இழுத்தாள். விரல் நீளத் துண்டு. முனையில் முள்ளின் ஒரு சுற்று இன்னும் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்க யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வளவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேய்ச்சல் தரை முழுக்க அதே முள்தான் வெயிலில் மின்னியது. வேலி போட்டவர்கள் வெட்டிய துண்டுகளைப் பொறுக்காமல் புல்லிலேயே எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். மழைக்குப் புல் வளர்ந்து அவற்றை மூடிவிட்டது.

"இராசதுரை" என்றாள் சின்னத்தங்கம்.

விதானை எழும்பி வந்தார். குரல் தணிந்திருந்தது. "சத்தம் போடாத புள்ள. யுத்த நேரம். படைக்காரர்ர வேலையப் பற்றிக் கதைச்சா எல்லாரையும் கொண்டுபோய் உள்ள போட்டிருவாங்க. மாட்டப் புதைப்பம். அவன அவுத்து விடுங்கடா."

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் நஸீறா. "கம்பியக் கண்ட உடன உங்கட முகம் மாறின. தெரிஞ்சிதான் என்ட புருஷனக் கட்டிவச்சிரிக்கிறீங்க."

அவர் தடிக்காரனைப் பார்த்துக் கையசைத்தார். தடிக்காரன் கயிற்றை அவிழ்த்தான். உசனார் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, "போதும், வா, போவம்" என்றான். நஸீறா அவன் வீங்கிய உதட்டைப் பார்த்தாள். அடித்த கைகளெல்லாம் இப்போது மெதுவாக வேலியோரமாகக் கலைந்துகொண்டிருந்தன. சின்னத்தங்கம் அவள் எதிரில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க இரத்தம் தோய்ந்த கைகளைக் கூப்பப் போனாள்.

"ஒண்டும் சொல்லாத" என்றாள் நஸீறா. "சொன்னா எனக்கு இன்னும் கோவம் வரும்."

தெருவில் லொறிச் சத்தம் கேட்டது. இராசதுரையின் லொறி. பின்னால் புதுக் கம்பிச் சுருள்கள் அடுக்கியிருந்தன. மிச்சத் தரையையும் அடைக்கப் போகிறார்கள். சின்னத்தங்கம் திரும்பி ஓடினாள். வீட்டு வளவிலிருந்து இரண்டு மாட்டையும் ஓட்டிவந்து தெருவின் நடுவில் விட்டாள். லொறி ஊதியது. அவள் மாடுகளுக்கு முன்னால் நின்றாள். முழங்கைவரை இரத்தமும் சாணமும் காய்ந்துகொண்டிருந்தன.

"போகாத" என்று உசனார் நஸீறாவின் கையைப் பிடித்தான். அவள் உதறிக்கொண்டு சின்னத்தங்கத்தை நோக்கி நடந்தாள்.

சாரதி மறுபடி ஊதினான். பிறகு கையை எடுக்காமலே ஊதினான். நோய்ப்பட்ட மாடு நின்றபடி நடுங்கியது. மற்றது சூடேறிய கிறவல் தெருவில் மெல்லக் கால் மடித்துப் படுத்தது. லொறியின் மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில், கண்களைப் பாதி மூடிக்கொண்டு, தின்றதைத் தொண்டைக்குக் கொண்டுவந்து அசைபோடத் தொடங்கியது.