உறைய மறுத்த கடலும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் ஹல்வோர் வடதுருவத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் முப்பது குளிர்காலம் பார்த்தவர். மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து நிற்கும் எங்கள் ஃபியோர்டு எப்போது உறையும் என்பது கடலுக்கே தெரியாது, அவருக்குத் தெரியும். ஐந்து வருடமாக அது உறையவில்லை என்றால், அது கடலின் தப்பு.

அவருடைய தங்கை, என் நாத்தனார் இங்குனுக்கு ஆய்வு நிலையத்தில் வேலை. வாரந்தோறும் படகில் போய், கருவியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி, தண்ணீரின் சூட்டை அளப்பாள். மார்ச் மாதத்தில் ஒருநாள் காபி குடிக்க வந்தாள்.

"அண்ணே, தெற்கேருந்து வர்ற சூடான நீரோட்டம் இந்தத் தடவையும் உள்ள புகுந்துடுச்சு. நூறு மீட்டர் ஆழத்துல மூணு டிகிரி. முன்னல்லாம் அங்க மைனஸ்லதான் இருக்கும். மேல எவ்வளவு குளிர்ந்தாலும் கீழேருந்து சூடு ஏறிக்கிட்டே இருந்தா எப்படி உறையும்? கரையோரம் படிஞ்சிருக்கிற ஐஸு தட்டைரொட்டி மாதிரி, மிதிச்சா நொறுங்கிடும். அதுல ஏறிடாதே."

"உன் கருவி கெட்டுப்போச்சு. பேட்டரிய மாத்து."

"மூணு கருவியும் ஒரே நேரத்துலயா கெடும்?"

"மூணும் ஒரே கடையில வாங்கினதுதானே?"

எந்த விஞ்ஞானியாலும் பதில் சொல்ல முடியாத வாதம். இங்குன் பாலாடைக்கட்டியில் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாள்.

மறுநாள் மதியம், கரையோர ஐஸ் மேலேயே சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக் குடிசைக்குப் போகிறேன் என்று பனி ஸ்கூட்டரில் கிளம்பினார். மிதவை உடுப்பை நான் சண்டை போட்டு மாட்டிவிட்டேன்.

"கல்லு மாதிரி இருக்கு, பாரு!" என்று அவர் கத்தியபோது கரையிலிருந்து நாற்பது அடி போயிருந்தார். கல் மாதிரிதான் முழுகியது ஸ்கூட்டர். அவர் மட்டும் மிதந்தார். நல்லவேளை, சற்றுத் தள்ளி அளந்துகொண்டிருந்த இங்குன் படகைத் திருப்பி வந்து, கொக்கியால் அவர் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

"ஐயோ, என்னா குளிரு!" பற்கள் கிடுகிடுத்தன. "இதையா சூடாயிடுச்சுங்கறே?"

"முன்ன இருந்ததுக்கு இது வெந்நீரு. குளிச்சாச்சுல்ல, வாய மூடிக்கிட்டு உட்காரு."

பிறகு ஸ்கூட்டர் வாங்கவில்லை. சிறிய படகு வாங்கினார். சூட்டைத் தேடி உள்ளே வந்த காட் மீன்களை வாராவாரம் அள்ளிக்கொண்டு வருகிறார். போன சனிக்கிழமை கடையில் பத்துப் பேர் நடுவே சொன்னார்: "இந்தத் தண்ணி சூடாகும்னு நான் அப்பவே சொன்னேன்."

ரொட்டியோடு பின்னால் நின்ற இங்குன் என்னைப் பார்த்தாள். நான் வெண்ணெய் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.